சுருதிப் பெட்டிகளுக்காக எழுதிய விளக்கக் கடிதம்

பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று என்னிடம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்தி வெகு காலம் ஆகிவிட்டது. நான் வாசிப்பதில் பாட்டு கிடையாது, தாளமும் கிடையாது. ஒரு சத்தம் தொடங்கும், முக்கால் மணி நேரம் நிற்கும், உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக மாறும், பிறகு அடங்கும். தொண்ணூறுகளின் கடைசியில் அதை வீட்டு டேப் ரிக்கார்டரில் நானே பதிந்து, நானே பிரதி எடுத்து, அட்டையை வெட்டி ஒட்டி, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினேன். பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. வெளிநாட்டில் இப்படி விடாமல் நிற்கும் சத்தத்துக்கு ட்ரோன் என்று பேர், உங்களைப் போலவே தனியாக உட்கார்ந்து இதைச் செய்கிறவர்கள் அங்கே நிறையப் பேர் என்று, கேசட் வாங்கிய கல்லூரி மாணவர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். சந்தோஷம்தான். ஆனால் நான் இதைக் கற்றுக்கொண்டது மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், ஒரு தகரக் கூரைக்கு அடியில்.

அந்த ஷெட்டில் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி செய்தோம். கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் தம்புராவுக்குப் பதிலாக விடாமல் ஒலித்துக்கொண்டிருக்குமே, அந்தப் பெட்டி. பன்னிரண்டு பெண்கள் வேலை பார்த்தோம், ஒருத்திக்கும் சங்கீதம் தெரியாது. என் அப்பா ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கொத்தனார். எங்கள் வீட்டில் சங்கீதம் என்றால் பக்கத்து வீட்டு ரேடியோதான்.

என் வேலை கடைசிப் பரிசோதனை. மேஜை மேல் சுருதி சரியாக வைத்த ஒரு மாஸ்டர் பெட்டி இருக்கும். புதுப் பெட்டியையும் அதையும் சேர்த்து ஓடவிட்டால், சுருதி சரியாக ஒட்டாத வரைக்கும் ஒரு அலை கேட்கும். சத்தம் வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். உள்ளே இருக்கும் பொடித் திருகைத் திருப்பத் திருப்ப அந்த அலை நீளமாகி, சோம்பேறியாகி, ஒரு கட்டத்தில் நின்றுபோகும். நின்றால் பெட்டி பாஸ். அலை நிற்கும்வரை திருகு என்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். பாஸான பெட்டிகளை உள் அறையில் மூன்று தட்டு அலமாரியில் அடுக்கி, எட்டு மணி நேரம் ஓடவிட வேண்டும். சூடு ஏறினால் சுருதி நகர்கிறதா என்று பார்ப்பதற்காக. ஒரு தட்டுக்கு எட்டு வீதம் இருபத்து நான்கு பெட்டிகள் காலையிலிருந்து சாயங்காலம்வரை கத்திக்கொண்டிருக்கும். மற்ற பெண்கள் அந்த அறைக்குப் போகவே மாட்டார்கள். தலைவலி என்பார்கள்.

ஒரு கோடை மத்தியானம் இரண்டு பெட்டிகள் சூட்டில் நகர்ந்துவிட்டன. எடுத்துத் திருகியிருக்க வேண்டும். எடுக்காமல் நின்றேன். இரண்டின் அலையும் சுவரில் பட்டுத் திரும்பி, அறையின் ஒரு மூலையில் ஒரு சத்தமும் இன்னொரு மூலையில் வேறு சத்தமுமாக இருந்தது. தலையை லேசாகத் திருப்பினால் மேலே ஒரு மெல்லிய குரல் கேட்டது. அப்படி ஒரு பெட்டியே அங்கே கிடையாது. இன்னொரு தடவை திருப்பினேன், மறுபடி கேட்டது. மறுநிமிஷம் கோபம் வந்தது. இரண்டு வருஷமாகத் தினமும் இதையா நான் நிறுத்திக்கொண்டிருந்தேன்?

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவேன். இந்தப் பெட்டியை ஒரு பொடி கீழே, அதை ஒரு பொடி மேலே என்று திருகிப் பார்ப்பேன். மணி அடிப்பதற்குள் பழையபடி மாஸ்டரோடு சேர்த்துவிடுவேன். ஆறு மாதத்தில் எந்தப் பெட்டியை எவ்வளவு விலக்கினால் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடிகாரம் பார்க்காமல், என் மூச்சை எண்ணி அலையை அளந்தேன்.

தசராவுக்கு ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் அன்றைக்கு மெஷினைத் துடைத்து, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுப்பார்கள். பிறகு தொழிலாளிகளில் யாராவது பாட வேண்டும். பெயர் எழுதிய சூப்பர்வைசர் அம்மாவிடம் நானும் பெயர் கொடுத்தேன். என்ன ஐட்டம் என்று கேட்டார். சுருதி என்றேன். அவர் தாமாகவே பக்கத்தில் பாட்டு என்று எழுதிக்கொண்டார். எனக்கும் திருத்த மனம் வரவில்லை. பூஜைக்கு முந்தின நாள், பாஸாகி அனுப்பத் தயாராக இருந்த இருபத்து நான்கு பெட்டிகளையும் என் விருப்பப்படி விலக்கி வைத்தேன். முதலாளியிடம் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரியும்.

பூஜைக்கு ஒரு சங்கீத வித்வான் வந்திருந்தார். எங்கள் பெட்டியைத் தம் சிஷ்யர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்கிறவர், முதலாளி அவரை முதல் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். செவ்வந்திச் சரம் போட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். முதல் பெட்டிக்கு வித்வான் கண்ணை மூடிக்கொண்டு, தாளம் போடத் தொடையில் கையை வைத்தார். ஐந்தாவது பெட்டிக்குக் கை அப்படியே நின்றது. பத்துப் பெட்டிக்குப் பிறகு சூப்பர்வைசர் அம்மா குனிந்து வந்து என் காதில் கன்னடத்தில் கேட்டார்.

"ஹாடு யாவாக?"

பாட்டு எப்போது என்கிறார். "இதே ஹாடு" என்றேன். இதுதான் பாட்டு.

பொரிப் பொட்டலத்தின் சரசரப்பு நின்றது. பின் வரிசையிலிருந்து இரண்டு பெண்கள் எழுந்து, ஒவ்வொரு அடியாக வைத்து அறையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள், பிறகு என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் அந்த மெல்லிய குரல் கேட்டுவிட்டது. அந்தச் சிரிப்புக்கு முன்னால் எனக்கு எந்த வித்வானும் பெரிசில்லை. வித்வான் இருபது நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். எழுந்தார், முதலாளியிடம் ஏதோ சொன்னார், பிரசாதம்கூட வாங்காமல் போய்விட்டார். இருபத்து நான்கு பெட்டியில் ஒன்றுகூடச் சுருதியில் இல்லை, இதையா நான் ஊரெல்லாம் சிபாரிசு செய்தேன் என்று சொன்னாராம்.

விடுமுறை முடிந்து வந்த அன்றைக்கு மதியத்துக்குள் எல்லாப் பெட்டியையும் மாஸ்டரோடு சேர்த்து வைத்துவிட்டேன். அதற்கப்புறம் முதலாளி கூப்பிட்டார். அவர் மேல்கோட்டை ஐயங்கார் குடும்பம். ஆபீஸில் கன்னடம் பேசினாலும் என்னிடம் வீட்டுத் தமிழில்தான் பேசுவார். அன்றைக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கை தவறிடுத்து, சுருதி விலகிப்போச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. வித்வான்கிட்ட காமிச்சுட்டா விஷயம் முடிஞ்சுடும். உன் வேலைக்கும் ஒண்ணும் ஆகாது."

"கேக்காம கை வெச்சது தப்புங்க சார். அதை எழுதித் தர்றேன். ஆனா கை தவறல."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லீங்க சார்."

நாளைக் காலைக்குள் விளக்கக் கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் வர வேண்டாம் என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அவர் சரக்கு அது, அவர் பேர் அது. ஆனால் என் காதை நானே பொய் என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்பதில் எந்த நியாயமும் எனக்குப் படவில்லை. ஆறு மாதம் மூச்சை எண்ணி எண்ணிச் செய்ததைக் கை தவறியது என்று எழுதினால், அடுத்த முறை அலை கேட்கும்போது எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"ஏன் அம்மிணி, ஒரு வரி எளுதிக் குடுத்தாக் கொறஞ்சா போயிருவ? நான் கட்டுன செவுத்த எத்தன தடவ இடிச்சிருக்கறன் தெரியுமா? கோணைன்னு இஞ்சினீரு சொன்னா, சரீங்கன்னு இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கறன்."

"கோணையா இருந்துச்சுங்களாப்பா?"

காலில் ஊற்றச் சொம்பைச் சாய்த்தார். சொம்பில் தண்ணீர் தீர்ந்திருந்தது.

"நேராத்தான் இருந்துச்சு" என்றார்.

அதற்கு மேல் அவர் எழுதச் சொல்லவும் இல்லை, எழுதாதே என்று சொல்லவும் இல்லை.

மறுநாள் சீக்கிரமே போய் என் மேஜையில் உட்கார்ந்தேன். பள்ளியில் நான் படித்தது கன்னடம், கடிதமும் கன்னடத்தில்தான் எழுதினேன். அனுமதி கேட்காமல் பெட்டிகளில் கை வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று முதல் வரி. அதை மனதாரத்தான் எழுதினேன். சுருதியை வேண்டுமென்றே விலக்கினேன் என்று அடுத்த வரி. எவ்வளவு விலக்கினேன் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா? முதல் பெட்டி, மாஸ்டரோடு சேர்ந்து அலை இல்லாமல். இரண்டாவது பெட்டி, கீழே, மூன்று மூச்சுக்கு ஒரு அலை. மூன்றாவது, மேலே, ஒரு மூச்சுக்கு இரண்டு அலை. இப்படி இருபத்து நான்கு பெட்டிக்கும் வரிசையாக எழுதினேன். எது முதலில் போட வேண்டும், எதற்கு எது பக்கத்தில் இருக்க வேண்டும், எத்தனை மூச்சு இடைவெளி என்பதையும் எழுதினேன். இரண்டு தாள் வந்தது. அடியில் கார்பன் வைத்து எழுதியதால் நகலும் கையில் இருந்தது.

முதலாளி நின்றுகொண்டே படித்தார். இரண்டாவது தாளுக்குப் போனதும் உட்கார்ந்துவிட்டார். ஏழாவது பெட்டிக்கு எதிரே விரலை வைத்து அந்த வரியை மறுபடி படித்தார்.

"இது மன்னிப்பு லெட்டர் இல்லையேம்மா."

"விளக்கம் கேட்டீங்க சார். விளக்கமாத்தான் எழுதியிருக்கேன்."

"அப்ப நாளையிலேர்ந்து வராதே."

"சரீங்க சார்" என்றேன். போகவில்லை. நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "கடிதம் குடுத்தா காப்பியில கையெழுத்துப் போட்டுத் தரணுமில்லீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நகரவில்லை. பேனாவைத் திறந்தார். பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையையும் எடுத்து அழுத்தமாகக் குத்திக் கொடுத்தார். வேலை போய்விட்டது. என் இசையை எழுத்துமூலம் பெற்றுக்கொண்ட முதல் ஆள் அவர்தான்.