நிலாவுக்கு வெட்டிய நாற்பத்தெட்டு கம்பிகள்

காலை 6.10, நல்லூர்.

குட்டியானை வண்டி சந்துக்குள் நுழையும்போதே எனக்குக் கோபம். வண்டி மேல் இல்லை. மொட்டை மாடியில் கைகட்டி நின்று, நான் சாமான் இறக்குவதை வேடிக்கை பார்த்த வீட்டுக்காரர் மேல். மூன்று வருஷமாக அந்த மாடியில் என் பழைய, சின்ன ஆன்டெனா நின்றது. கீழ் வீட்டில் ஒருத்தருக்குத் தலைவலி வந்ததும் அதில்தான் கதிர்வீச்சு வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தத் தலைவலிக்காரர் தூங்கும்போதும் செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற ஆள். அடுத்த தெருவில் செல்போன் கோபுரமே நிற்கிறது. அது வாடகை தருகிறது, அதனால் அதில் கதிர் வராது போலிருக்கிறது.

நான் நிட்டிங் மெஷின் மெக்கானிக். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. படிப்பு எட்டாவதோடு நின்றது. ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவதற்கான உரிமத் தேர்வை மூன்றாவது தடவையில்தான் பாஸ் செய்தேன்.

எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாம் ரேடியோக்காரர்கள் நிலாவைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு பேசுவார்கள். இங்கிருந்து அலையை அனுப்பினால் அது நிலாவில் பட்டுத் திரும்பி, பூமியின் வேறொரு பக்கத்தில் போய் விழும். போய்வர இரண்டரை நொடி. திரும்பி வரும்போது அலையில் உயிரே இருக்காது, அவ்வளவு மெலிந்திருக்கும். அதனால்தான் பெரிய ஆன்டெனா வேண்டும். இப்போது நான் புதிதாகச் செய்வது நான்கு ஆன்டெனா சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர் நீளம், பழைய டிவி ஆன்டெனாவின் பெரியப்பா மாதிரி இருக்கும்.

நிறுத்த இடம் தருவதாகப் பொங்கலூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் லோகநாதன் அண்ணன் சொல்லியிருந்தார். ஒரு நிபந்தனையோடு. "ஞாயித்துக்கிழமை ஒரு நாள் பேசிக் காட்டுங்க. பேசிட்டீங்கன்னா அங்கயே நிக்கட்டும். இல்லீன்னா அன்னிக்கே கழட்டிரோணுங்க." இந்த ஒரு நாளுக்காக ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. கயிறு அறுந்தால்? மழை வந்தால்? போலீஸ் நிறுத்தினால்? உரிமத்தை மூன்று நகல் எடுத்து மூன்று பையில் வைத்திருந்தேன்.

வண்டி வாடகை 2,600 ரூபாய். நல்லூர், காங்கேயம், பொங்கலூர், திரும்ப நல்லூர். டிரைவர் ராசு தாராபுரம் ரோட்டுக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நெலாவுக்குப் போன் போட்டா அங்க யாருங்க எடுப்பாங்க?"

"யாரும் எடுக்க வேண்டாம். அது அப்படியே திருப்பி அனுப்பும்."

"அப்ப கஸ்டமர் கேர் மாதிரின்னு சொல்லுங்க."

காலை 7.05, காங்கேயம்.

நல்லூரிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். ஊருக்குள் நுழையும் முன்பே காய்கிற கொப்பரையின் வாசனை வந்துவிடும். ரோட்டோரக் களங்களில் தேங்காய்ப் பருப்பு வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். டீ பதினைந்து ரூபாய், நன்றாகவே இருந்தது. அன்றைக்கு நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

சின்னச்சாமி அண்ணனின் பட்டறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். பனியன் கம்பெனிகளுக்குத் துணித் தள்ளுவண்டி, துணி மாட்டும் ஸ்டாண்டு செய்து தருகிறவர். ஆன்டெனாக்களைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தை அவரிடம்தான் செய்யக் கொடுத்திருந்தேன். நானே அளந்து வெட்டிய நாற்பத்தெட்டு அலுமினியக் கம்பிகளையும், நடுவில் ஓட்டை போடுவதற்காக, போன வாரம் அவரிடம் விட்டிருந்தேன். ஓர் ஆன்டெனாவுக்குப் பன்னிரண்டு கம்பி. கடைசிக் கம்பி ஒரு மீட்டர் இரண்டு சென்டி. அங்கிருந்து முன்னால் போகப் போக ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்து, முன்னால் இருப்பது எண்பத்தெட்டு சென்டி. அந்தக் குறைச்சல்தான் அலையை முன்பக்கம் தள்ளுகிறது. ஆன்டெனாவின் மொத்த ரகசியமும் அதுதான்.

சின்னச்சாமி அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். மேஜை மேல் கம்பிகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. இரண்டு முனையும் சுவர் வைத்த மாதிரி நேராக.

"பாருங்க. ஒரு ராடு முன்னப் பின்ன இருக்காதுங்க."

இரண்டு கம்பியை எடுத்து ஒட்டி வைத்துப் பார்த்தேன், ஒரே நீளம். "அண்ணே, என்ன பண்ணுனிய?"

"ஏத்தமும் எறக்கமுமா இருந்துச்சுங்க. ஒண்ணுக்கொண்ணு சேரவே இல்ல. இருக்கறதுலயே சின்னத எடுத்து வெச்சு, எல்லாத்தையும் அதுக்கு லெவல் பண்ணிட்டனுங்க. ரெண்டு நாள் வேலைங்க. அதுக்குக் காசு வேண்டாங்க."

"அது ஏத்த இறக்கமாத்தான் இருக்கணும்! ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல நம்பர் போட்டிருந்தேன்லா!"

"அது நம்பருங்களா? அழுக்குன்னு தின்னர் போட்டுத் தொடச்சுட்டனுங்க."

என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திப் பார்த்தார். அறிவு இருக்கா என்று கேட்டேன். உம்ம கம்பெனி ஸ்டாண்டும் இதுவும் ஒண்ணா என்று கேட்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் சண்டை என்றால் இரண்டு பக்கமும் சத்தம் வரும், மனசு ஆறும். இங்கே சண்டைக்கும் 'ங்க' போடுகிறார்கள். அதைக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு இன்னும் ஏறியது.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ஒரு ஸ்டாண்டுல கம்பி ரெண்டு மில்லி கூடக் கொறைய இருந்தா, கம்பெனிக்காரன் டேப் வெச்சுப் பார்த்து மொத்தத்தையும் திருப்பி அனுப்பீருவானுங்க. இருவது வருசமா அப்பிடியே பழகிப்போச்சுங்க. நீங்க ஒரு சீட்டாச்சும் எழுதிக் குடுத்தீங்களாங்க?"

கொடுக்கவில்லை. வாயில்தான் சொன்னேன், "ஓட்டை போட்டு வைங்க" என்று. உரிமத்துக்கு மூன்று நகல் எடுத்தவன் அளவுக்கு ஒரு சீட்டு எழுதவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் எழுத எனக்குக் கூச்சம். என் கையெழுத்தும் பிழையும் அப்படி. போனில் தட்டுவேன், வாயால் சொல்லுவேன், பேனாவை எடுக்க மாட்டேன். அது நினைவு வந்ததும் கோபம் போகவில்லை. இரண்டு மடங்காகிவிட்டது.

வெட்டினதை வளர்க்க முடியாது. ஆனால் பின்னால் இருக்கிற இரண்டு கம்பிகள் மட்டும் சரியான நீளம் இருந்தால், மற்றது குட்டையாக இருந்தாலும் ஆன்டெனா கொஞ்சமாவது வேலை செய்யும். மெல்லிய அலுமினியக் குழாயை முனையில் சொருகி நீட்டலாம் என்றேன். நான்கு ஆன்டெனாவுக்கும் செய்ய நேரமில்லை. இரண்டுக்குச் செய்தோம். அதற்கே இரண்டரை மணி நேரம், நான் அளவு சொல்ல அவர் வெட்டிச் சொருகினார். முடிந்ததும் அவரே கிரைண்டரைத் தூக்கி வண்டியில் வைத்து, பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் கூப்பிடவில்லை.

காலை 10.45, பொங்கலூர்.

காங்கேயத்திலிருந்து கோவை ரோட்டில், அவினாசிபாளையம் தாண்டி, இருபத்துநான்கு கிலோமீட்டர். ரோடு வழுவழுவென்று இருக்கிறது. தோப்புகளைப் பார்த்தால்தான் மனசு கெட்டுப்போகும். வெள்ளை ஈ விழுந்து, ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி கறுத்து நிற்கின்றன. லோகநாதன் அண்ணனின் தோப்பும் அப்படித்தான். அவர் வெள்ளைச் சட்டையோடு கேட்டிலேயே நின்றார். இளநீர் வெட்டித் தந்தார். தந்துவிட்டு, "பங்காளிக வேண்டாங்கறாங்க. டவர் வெச்சா மரம் காஞ்சுபோகும்ங்கறாங்க. நானுந்தான் என்ன பண்றது? செரி, சொன்னபடி இன்னிக்குப் பேசிக் காட்டுங்க, பாக்கலாம்." என்றார். இடம் போய்விடுமே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு இளநீரைக் குடித்தேன்.

நிலா உதிக்கிற கிழக்குப் பக்கம் மரமில்லாத திறந்த வயக்காடு. சட்டத்தை நட்டு, நான்கு பக்கமும் கயிறு கட்டி, இரண்டு ஆன்டெனாவைப் பூட்டி முடிக்கும்போது மணி 12.50. ஒவ்வொரு முடிச்சையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். சின்னச்சாமி அண்ணன் எனக்குப் பின்னால் வந்து நான்காவது தடவை இழுத்துப் பார்த்தார்.

மதியம் 1.15.

பகலில் நிலாவா என்று கேட்காதீர்கள். வளர்பிறை பாதியில் நிலா மதியம்தான் உதிக்கும். என் ஆன்டெனாவை மேலே தூக்கிச் சாய்க்க வழியில்லை. அதனால் உதித்த முதல் முக்கால் மணி நேரம் மட்டும்தான் எனக்கு நிலா. ஜப்பானில் ஒரு பெரியவர், முப்பத்திரண்டு ஆன்டெனா வைத்திருக்கிறவர், எனக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரு நிமிஷம் அவர் அனுப்புவார், ஒரு நிமிஷம் நான். காதுக்கு எதுவும் கேட்காது, வெறும் இரைச்சல். லேப்டாப்தான் அதில் எழுத்தைத் தேடி எடுக்கும்.

1.22க்கு அவருடைய அழைப்பெழுத்து, ரேடியோவில் அதுதான் ஒருவரின் பெயர், திரையில் வந்தது. நான்கு லட்சம் கிலோமீட்டர் போய், பட்டுத் திரும்பி, பொங்கலூரில், சொருகின குழாயில் விழுந்திருக்கிறது. மொத்தம் ஆறு தடவை வந்தது. நானும் என் சின்ன செட்டில் அனுப்பிக்கொண்டே இருந்தேன். 2.04க்கு இண்டர்நெட்டில் அவர் எழுதினார்: உன் சிக்னல் ஒன்றும் வரவில்லை, மன்னிக்கவும்.

நிலா மேலே ஏறிவிட்டது.

லோகநாதன் அண்ணன் நிதானமாகக் கேட்டார். "அவரு பேசுனது வந்துச்சுங்க. சரி. நீங்க பேசுனது போச்சுங்களா?"

"போகல."

"அப்பப் பேசலீங்களே."

சின்னச்சாமி அண்ணன் குறுக்கே வந்தார். "அது நான் வெட்டுனதுங்க. அவரு மேல தப்பில்லீங்க. இன்னொரு தடவ குடுங்க."

"உங்க தப்புக்கு என்ற மரம் காயோணுங்களா, சின்னச்சாமி?"

அதுவரை அடக்கியதெல்லாம் அப்போது வெளியே வந்தது. "எந்த மரம்ணே? மேல பாருங்க! வெள்ளை ஈ தின்னு எத்தனை வருசமாச்சு? என் கம்பி வந்தே மூணு மணி நேரம்தான் ஆகுது! கேக்குறவன் எளியவன்னா கதிர், மரம், தலைவலி எல்லாம் வருமா உங்களுக்கு?"

அவர் மேலே கறுத்த ஓலையைப் பார்த்தார். பிறகு, "காப்பி குடிச்சுட்டுக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். நாங்கள் காப்பி குடிக்கவில்லை.

மாலை 4.20.

கம்பிகளோடு ரோட்டுக்கு வந்தோம். சங்கரன்கோவிலில் ஒருத்தனை வேண்டாம் என்றால் போடா என்று சொல்லிவிடுவார்கள். இங்கே காப்பி குடிக்கச் சொல்லிவிட்டுக் கழட்டச் சொல்கிறார்கள். எது மேல் என்று இந்த ஊரில் பாதி வயசைக் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. அடுத்து ஆன்டெனாவை எங்கே நிறுத்துவது என்பதும் தெரியவில்லை.

"எங்கீங்க போறது?" என்றார் ராசு.

சின்னச்சாமி அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "பட்டறையில அலுமினியம் இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார்.

காங்கேயத்துக்கே திருப்பச் சொன்னேன். ராசுவிடம் டீசல் பில்லும் பேனாவும் வாங்கி, பில்லின் பின்பக்கம் பன்னிரண்டு அளவையும் எழுதினேன். இரண்டு பேர் பார்க்க, வண்டி குலுங்க, கோணல் மாணலாக. நீட்டினேன். சின்னச்சாமி அண்ணன் கண்ணாடி போட்டு, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பாதியில் நிறுத்தினார்.

"ஏனுங்க, ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் ரெண்டு மில்லிதான் வித்தியாசம். நெசமாலுமா?"

"ரெண்டு மில்லிதான்."

"இந்த ரெண்டு மில்லிக்குங்களா என்னைய அந்தத் திட்டு திட்டுனீங்க?"

"அதுக்குத்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். டேப் வைத்துப் பார்க்கிற கம்பெனிக்காரனை ஒத்துக்கொள்கிற மாதிரி.