சாயப் பிரிவில் நாற்காலி போட்டவர்

ஸ்டெல்லா மேடம் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்ற செய்தி ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு காலையில் வந்தது. நிர்வாகம் வருந்துகிறது என்று இரண்டே வரி. பதில் எழுத முடியவில்லை. அந்தக் குழுவில் நிர்வாகத்தார் மட்டுமே எழுதலாம். அதனால்தான் அவரை அறிந்த உங்களுக்கு இந்த முகநூல் பக்கத்தில் எழுதுகிறேன்.

ஒத்தக்கடை தாண்டியிருக்கும் எங்கள் ஆலையில் அவர் மனிதவள மேலாளர்; நான் உற்பத்திப் பிரிவில். என்னைவிட இளையவர், மேலாண்மை படித்தவர். "புத்தகத்துல தகவல் போறதுக்கு மேலயும் கீழயும் அம்புக்குறி போட்டிருக்காங்கண்ணே. இங்க கீழ வர்ற அம்பு மட்டுந்தான் இருக்கு" என்பார்.

சாயப் பிரிவுப் பெண்கள் கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்றார்கள். சூப்பர்வைசர் அதை 'லேசான வாடை' என்று மேலே சொன்னார். முதலாளியின் காதுக்குப் போனபோது அது 'பிரச்சினை ஏதும் இல்லை' என்று ஆகியிருந்தது. மேடம் நேரில் போய்ச் சொன்னார். "சூப்பர்வைசர் சொல்லலையே" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த மாதக் கூட்டத்துக்கு நாங்கள் போனபோது, ஏசி அறையில் நாற்காலிகள் இல்லை. எல்லாவற்றையும் மேடம் சாயப் பிரிவில் போட்டிருந்தார்.

"இங்க எப்படிம்மா உக்கார்றது?" என்றார் முதலாளி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"அவங்க நாள் பூரா நிக்கிறாங்க சார். நாம ஒரு மணி நேரம் உக்காருவோம்."

அங்கே வேலை பார்க்கும் பாண்டியம்மாள் முன்னால் வந்தார். "எம்புட்டுத் தடவ சொல்லிட்டோம் சார், ஒங்களுக்கு வந்து சேரலையா?" முதலாளி பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. அந்த வாரமே சுவரை உடைத்துப் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்கள் மாட்டினார்கள்.

மேடத்தின் பொறுப்பையும் அந்த வாரமே பிடுங்கினார்கள். ஸ்டோருக்குப் பின்னால் ஓர் அறை. வேலை எதுவும் இல்லை. தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார் என்று காத்திருந்தார்கள். எனக்கே பொறுக்கவில்லை. "ஒங்க படிப்புக்கு எங்கயும் கூப்பிடுவாங்க மேடம், போயிருங்க" என்றேன்.

"நான் போயிட்டா நாளைக்கு ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்கண்ணே. அதுதான அவங்களுக்கு வேணும்? போக மாட்டேன்."

போகவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறை வாசலில் பெண்கள் கூடிப் பேசுவார்கள். நிர்வாகம் எச்சரித்தது, அவர்களும் நிறுத்தவில்லை, அவரும் கதவைச் சாத்தவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் நிர்வாகத்தின் சார்பில் ஒருவர் பேசினார். மறைந்தவர் அமைதியானவர், எல்லோரையும் அனுசரித்துப் போனவர் என்றார். கூட்டத்திலிருந்து பாண்டியம்மாளின் குரல் வந்தது: "இல்ல சார். அவுக அனுசரிச்சே போனதில்ல." யாரும் அவரை அடக்கவில்லை. பாதிரியாரும்தான்.

கூட்டங்களில் யாராவது 'எல்லாம் சரியாப் போகுது' என்று முடித்தால், "யாருக்குச் சரி?" என்று கேட்பது மேடத்தின் வழக்கம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியை. நேற்று முதலாளி அப்படி முடித்ததும் எழுந்து நின்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. பதில் வரும்வரை நான் உட்காரவில்லை.