மணிக்கு அரை மில்லிமீட்டர்

சுஃபியான் பத்து வருடம் தாம்பரம்–வேளச்சேரி சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். 2008-ல் நான் செய்திக்காகப் போனபோது, ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் உதவியாளராக இருந்தார். அவருடைய இயந்திரம் மணிக்கு அரை மில்லிமீட்டர் நகரும்.

“அன்னிக்கு ஓட்டுன ஓட்டத்துக்கு தண்டனை சார்” என்றார்.

விமானத்துக்கான எபாக்சி பிசினைச் சிறு கட்டைகளாக வார்த்து, நடுவில் பிளேடால் ஒரு விரிசலைத் தொடங்கிவைத்து, அழுத்தி உடைப்பது அவர் வேலை. மெதுவாக அழுத்தினால் விரிசலின் நுனியில் பிசின் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்; எளிதில் உடையாது. வேகமாக அழுத்தினால் இளக நேரமில்லை. கண்ணாடி மாதிரி போய்விடும். இதை அவர் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு மணிக்குக் கட்டுரை கொடுக்க வேண்டும். ஏதாவது உடைகிற படமும் வேண்டும்.

ஆராய்ச்சி மாணவி ஃபஹீமாவுக்கு மெதுவான சோதனையில் மூன்று முடிவுகள் தேவை. இரண்டு கிடைத்திருந்தன. கையில் மிச்சம் இரண்டு கட்டைகள். பிசின் தீர்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

என் நச்சரிப்பு தாங்காமல் சுஃபியான் கழித்துப்போட்ட ஒரு பழைய கட்டையை வேகமாக உடைத்துக் காட்டினார். படம் பிரமாதம். அதோடு விட்டேனா? வாய் ஓயாமல் கேள்வி கேட்டேன். பதில் சொல்லிக்கொண்டே, வேகத்தைக் குறைக்க மறந்து, ஃபஹீமாவின் கட்டையை வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். டப்.

பதிவேட்டில் வழக்கமான வேகத்தையே எழுதிவிடலாமே, யாருக்குத் தெரியும் என்று கேட்டது நான்தான். உண்மையை எழுதுவது என் தொழில்.

சுஃபியான் பதிவேட்டை இழுத்து எழுதினார்: ‘வேகம் தவறு. செல்லாது. காரணம், என் கவனக்குறைவு.’

“பக்கத்துல நிருபர்னும் எழுதுங்கண்ணா” என்றாள் ஃபஹீமா.

இரண்டு மணிக்கு மின்வெட்டு. அப்போது மணி ஒன்று. கடைசிக் கட்டையை வைத்தார். வேகத்தை இரண்டு முறை சரிபார்த்தார். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, செல்போனை வாங்கி அணைத்தார். ஐம்பது நிமிடம் நான் வாய் திறக்கவில்லை. இருபது வருடத் தொழிலில் அதுதான் சாதனை. ஒன்று ஐம்பத்திரண்டுக்குக் கட்டை உடைந்து, திரையில் கோடு சரிந்தது. அதில் வந்த எண்ணைப் பார்த்த ஃபஹீமா நாற்காலியில் சாய்ந்தாள். மூன்றாவது முடிவு கிடைத்துவிட்டது.

பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடினேன்.

“நடந்தே போங்க சார்” என்று பின்னாலிருந்து சுஃபியானின் குரல் வந்தது.