டீயின் மேல் போட்ட பழி

என் தூக்கம் கெட்டதற்குக் காரணம் டீ என்றுதான் முடிவு செய்திருந்தேன். நடுவட்டத்தில் தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவன் வேறு எதைச் சொல்வான்? ஃபேக்டரிக்குள் யாரும் புகைக்கக் கூடாது. கொழுந்து பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் லோடு இறங்கும்வரை டிரைவர்கள் நாங்கள் கேட்டுக்கு வெளியே குளிரில் நிற்போம், ஒரு கையில் டீயும் மறு கையில் சிகரெட்டுமாக. இரண்டில் ஒன்று குற்றவாளி என்றால் நான் டீயைத்தான் காட்டிக்கொடுப்பேன். சிகரெட் எனக்கு வேண்டப்பட்டது.

விஷயம் விளையாட்டில்லை. கூடலூர் இறக்கத்தில் ஒரு மத்தியானம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். ஓரத்து மண்ணில் ஏறி லாரி உலுக்கியபோதுதான் விழித்தேன். கீழே பள்ளம். பின்னால் மூட்டைகள் மேல் இரண்டு ஆட்கள் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் போவது வேலை மட்டும் இல்லை.

டீயை விட்டேன். எங்கள் பக்கம் டீ வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டான் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று என் மனைவியிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார். மச்சினன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனை பகையைச் சம்பாதித்தும் தூக்கம் வரவில்லை. நடு இரவில் விழிப்பேன், இருமுவேன், வெளியே போய் ஒரு சிகரெட் பிடிப்பேன், அப்புறம் கொஞ்சம் கண் அயரும். அந்தத் தூக்கமாவது இருக்கிறதே என்று சிகரெட்டுக்கு நன்றி வேறு.

கூடலூரில் பார்த்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். என்னை எழுப்புவதே சிகரெட்தான், உடம்பு அடுத்ததைக் கேட்டு விழித்துக்கொள்கிறது, கொடுத்ததும் அடங்குகிறது என்றார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதை. கேட்க நன்றாகத்தான் இருந்தது, நம்ப முடியவில்லை. என்னைத் தூங்க வைக்கிற ஒரே பொருள் எப்படி என் தூக்கத்தைக் கெடுக்கும்?

என் மனைவி உடனே நம்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி வந்ததுதானே. லீவு போட்டு, சிகரெட்டை நிறுத்தினேன். இருந்த தூக்கமும் போனது. கண்ணை மூடினால் கண்டபடி கனவு. எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யா, என் உடம்பு சொல்வது பொய்யா என்று எனக்குக் குழப்பம்.

எப்போது மாறியது என்று தெரியாது. ஒரு நாள் விடிந்த பிறகு விழித்தேன். இடையில் எழுந்த நினைவே இல்லை. இருமலும் போன இடம் தெரியவில்லை. திரும்ப லாரியை எடுத்தேன். டீயும் குடிக்க ஆரம்பித்தேன், பக்கத்து வீட்டுக்காரர் சமாதானமானார்.

ஆனால் என் மனைவியின் கண் சிவந்து கிடந்தது. கொழுந்து பறிக்கிற இடத்தில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தபடியே தூங்குகிறாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். ஜெயித்தது அவள்தானே, அவளுக்கு என்ன கேடு என்று எனக்கு விளங்கவில்லை. டாக்டரிடம் போகலாமா என்றால் வேண்டாம் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளை விடாமல் கேட்டபோதுதான் சொன்னாள்.

"ஏனுங்க, முன்னெல்லாம் நீங்க இருமுவீங்க. உசுரோட இருக்கறீங்கன்னு நான் திரும்பிப் படுத்துக்குவேன். இப்பச் சத்தமே இல்லீங்களே. எங்கப்பா அப்பிடித்தானுங்க போனாரு. படுத்தவரு காலையில எந்திரிக்கவே இல்லீங்க."

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. நிம்மதியாகத் தூங்குகிறவனைப் பார்த்துப் பயப்படுகிறவளுக்கு என்ன மருந்து? இருமிக் காட்டவா முடியும்?

அன்று படுக்கும்போது அவள் கையை எடுத்து என் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டேன். மூச்சு ஏறி இறங்குவது தெரியும், நீ தூங்கு என்றேன். தூங்கிவிட்டாள். பறித்துப் பறித்துக் காய்த்துப்போன கை, பாரமாக இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அதே இறக்கத்தில் லாரி ஓட்ட வேண்டும். கையை மெதுவாக எடுத்து வைத்திருக்கலாம். மனசு வரவில்லை.