அக்கா தெளித்த தண்ணீர்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய தங்கையின் வணக்கம். அக்காவின் பொறுமையைப் பற்றியும் விருந்தோம்பலைப் பற்றியும் மற்றவர்கள் எழுதித் தந்திருக்கிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அக்கா பெரிய சூழ்ச்சிக்காரர் என்பதை ஒருவரும் எழுதவில்லை. தெரிந்தால்தானே எழுதுவார்கள்? இதில் எழுதியவர்களில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அக்கா பிறந்தது குடவாசலை அடுத்த ஒரு சிற்றூரில். அம்மா எங்களை விட்டுச் சீக்கிரமே போய்விட்டதால் எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. அடுப்பு, மாடு, நான் எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் டூரிங் கொட்டகையின் முதல் ஆட்டம். அதிலும் ஒரு வகைப் படம்தான் பிடிக்கும். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொள்ள ஒரு பெண் நூறு தந்திரம் செய்கிற பழைய சிரிப்புப் படங்கள். கதாநாயகி கிழவி வேஷம் போடுவாள், வராத மயக்கம் வந்து விழுவாள், தனக்குத் தானே காதல் கடிதம் எழுதி அவன் கண்ணில் படும்படி நழுவ விடுவாள். அவனோ, தான்தான் அவளைத் துரத்துவதாக நினைத்துக்கொண்டு பாட்டுப் பாடுவான். படம் விட்டு வீடு திரும்பும்போது அக்காவின் கால் வரப்பிலும் மனம் திரையிலும் இருக்கும். "வந்து கேக்கட்டும்னு உக்காந்திருந்தா தலை நரைச்சுடும்டி. நாமதான் வரவைக்கணும்" என்பார்.

வரவைக்கும் நேரம் ஒரு மாசி மாதத்தில் வந்தது. வரப்பில் வழுக்கி விழுந்து அப்பா காலில் கட்டுப் போட்டுக் கிடந்தார். அறுத்த சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் குவித்துவிட்டு, அக்காவும் நானும்தான் காவல் இருந்தோம். அங்கே ஈரம் பார்த்து நெல் எடுக்கும் எழுத்தராகக் குத்தாலத்திலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஒரு பிடி நெல்லை வாங்கி மெஷினில் போட்டு, முள்ளைப் பார்த்து, சரி என்றால் மூட்டை பிடிக்கச் சொல்லுவார். அவ்வளவுதான் பேச்சு. நெல் எடுத்துவிட்டால் நாங்கள் மறுநாள் அங்கே போக வேலையில்லை.

முதல் நாள் எங்கள் முறை வரவில்லை. இரண்டாம் நாள் காலை, எழுத்தர் வருவதற்கு முன், அக்கா ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக் குவியலின் மேல் தெளித்தார். "என்னக்கா இது?" என்றேன். "வாயை மூடிக்கிட்டு நில்லு" என்றார் அக்கா.

அவர் வந்தார், பார்த்தார். "ஈரம் ஜாஸ்தியா இருக்குங்க. காயவச்சு நாளைக்கிக் காட்டுங்க."

"சரிங்க" என்றார் அக்கா, உலகத்து வருத்தமெல்லாம் தன் தலையில் இருப்பதுபோல. மறுநாளும் செம்பு. அதற்கு மறுநாளும். அந்த நாட்கள் இப்போதும் என் கண்ணில் ஒரு மஞ்சள் புகையாகத்தான் நிற்கின்றன. தூற்றுகிற பதர் வெயிலில் மிதக்கும். அக்கா நெல்லைக் காலால் அளைந்து அளைந்து நடப்பார். எழுத்தர் மேசையிலிருந்து பார்க்காததுபோல் பார்ப்பார். "அப்பாவுக்குக் கால் எப்படிங்க இருக்கு?" என்று கேட்கும் அளவுக்கு முன்னேற்றம்.

ஐந்தாம் நாள் பிற்பகல் பருவம் தப்பிய மழை கொட்டியது. மற்றவர்களின் நெல்லெல்லாம் மூட்டையாகிப் போய்விட்டிருந்தது. எங்களுடையது மட்டும் வெட்டவெளியில் கிடந்தது. அக்கா குவியலின் மேலேயே விழுந்து அழுதார். எழுத்தர் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, மழை விடும்வரை அதன் ஒரு முனையைப் பிடித்தபடி நனைந்து நின்றார். ஆனாலும் பாதி நெல் முளைவிட்டுக் கறுத்துப்போனது. அந்த வருடம் விதைத்து அறுத்த நாங்கள் கடையில் அரிசி வாங்கித் தின்றோம்.

மழை பெய்த மறுநாள் எழுத்தர் எங்கள் வீடு தேடி வந்தார். "நான் திருப்பித் திருப்பி அனுப்புனதாலதான் ஐயா நெல்லு நனஞ்சுது. மன்னிச்சுக்கணும்" என்று அப்பாவின் கட்டிலருகே நின்றார். அக்காவும் நானும் கதவுக்குப் பின்னால் நின்றோம். உண்மையைச் சொல்ல இருவருக்கும் நாக்கு எழவில்லை. அதன்பின் வாரம் தவறாமல் வந்தார். அப்பா விசாரித்ததில் தூரத்து உறவு என்று தெரிந்தது. ஆவணியில் அவர் எனக்கு அத்தான் ஆனார்.

குத்தாலத்தில் அக்கா நல்ல வாழ்வு வாழ்ந்தார். முதல் பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்தையும் அத்தானின் ஓயாத இடமாற்றங்களையும் தாங்கி, ஒரே மகனை வளர்த்து ஆளாக்கினார். அப்பாவின் கடைசிக் காலத்தில் அத்தான் அவரைக் குளிப்பாட்டுவதுவரை எல்லாம் செய்தார். ஊரே மெச்சியது. அதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு மட்டும் முகம் வாடும்.

"பண்ணாத தப்புக்குப் பரிகாரம் பண்றாருடி. என்னைக் கட்டிக்கிட்டதும் அதுக்குத்தானோ என்னவோ" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "கேட்டுட வேண்டியதுதானே?" என்றேன். "ஆமான்னுட்டார்னா நான் எங்கடி போவேன்?" என்றார். அத்தனை துணிச்சல்காரர், இந்த ஒரு கேள்விக்கு வாழ்நாள் முழுக்கப் பயந்தார்.

படுக்கையில் விழுந்த பிறகு, மகன் வாங்கித்தந்த போனில் மறுபடியும் அந்தப் பழைய படங்கள்தான். மத்தியானங்களில் கண்ணை மூடிக்கொண்டு, வசனத்தை மட்டும் கேட்டுச் சிரிப்பார். கதாநாயகியின் குட்டு உடையும் இடம் வந்தால் மட்டும் "நிறுத்துடி" என்பார். அப்படி ஒரு மத்தியானத்தில் தூங்கியவர் எழவில்லை.

சென்ற மாதம் இந்தக் கட்டுரைக்காக அத்தானிடம் சில விவரம் கேட்கப் போனேன். மனசு கேட்கவில்லை. "அத்தான், உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டோம்" என்று ஆரம்பித்தேன்.

"தண்ணி தெளிச்சதைச் சொல்றியாம்மா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தான்?" என்றேன்.

"மொத நாளே தெரியும். மேல நனஞ்சிருக்கு, உள்ள கையை விட்டா கலகலன்னு காஞ்சு கெடக்கு. அடியிலேருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டிருந்தா அன்னிக்கே மூட்டை பிடிச்சிருக்கலாம்."

"ஏன் அத்தான் போடலை?"

அவர் முற்றத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "போட்டா மறுநாள் உங்கக்கா வரமாட்டாளேம்மா. மழை வரும்னு யாரு கண்டா? நான் தெரிஞ்சேதான் நெல்லைக் கெடக்க விட்டேன்னு தெரிஞ்சா வெறுத்துடுவாளோன்னு கடைசி வரைக்கும் வாயைத் தொறக்கலை."

எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இதை எழுதாமல் விட்டுவிடுகிறேன் என்றேன். "எழுதும்மா. எல்லாரும் படிக்கட்டும்" என்றார்.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்து கவனித்த செவிலியருக்கும், வேளைதோறும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், விடுப்பு எடுத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து ஓடிவந்த மகனுக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

அக்கா, நீ கேட்கப் பயந்ததை நான் கேட்டுவிட்டேன். பரிகாரத்துக்காக இல்லையாம். நீ மறுநாளும் வரவேண்டும் என்றுதானாம்.