அத்தான் கண்ட மயன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் லண்டனில், ஹவுன்ஸ்லோவில் இருந்தேன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. கிழமையில் ஒரு நாள்தான் லீவு. அந்த நாளில் என்னை யாராவது எங்காவது கூப்பிட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உறவுக்காரர் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே கூப்பிடுவார்கள்.

அதிலும் அதிகமாகக் கூப்பிட்டவர் அத்தான், என் அக்காவின் கணவர். டூட்டிங்கில் இருந்தார். பகலில் ஏதோ கம்பனியில் கணக்கு வேலை பார்த்தார். ஆனால் அவர் உயிரோடு இருந்தது கோயில் சபையின் செயலாளராகத்தான். கோயில் என்று சொன்னேனே தவிர, அப்போது கோயில் இல்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேசையின் மேல் பிள்ளையாரை வைத்துப் பூசை செய்வோம். பூசை முடிந்ததும் பிள்ளையார் அத்தானின் காரில் ஏறி டூட்டிங்குக்குப் போய்விடுவார். சீட் பெல்ட் போட்டுத்தான் போவார். பகிடி இல்லை, நானே மாட்டிவிட்டிருக்கிறேன்.

அத்தான் வருடக்கணக்காகத் தேடி ஒரு பழைய கட்டடத்தைக் கண்டுபிடித்தார். எல்லாருக்கும் பிடித்திருந்தது. பிறகுதான் வாசல் வடக்கில் இருப்பதைச் சபையின் பொருளாளர் கவனித்தார். அவர் இலங்கையில் நில அளவையாளராக இருந்தவர். திசை என்றால் அவருக்கு உயிர். பிள்ளையார் கிழக்கைத்தான் பார்க்க வேண்டும் என்றார். கிழக்கில் வெறும் சுவர். சுவருக்கு அப்பால் டயர்க் கடை. அப்படி வைத்தால் பிள்ளையார் சுவரைப் பார்ப்பார், வாசலால் வருகிறவர்கள் பிள்ளையாரின் இடது காதைப் பார்ப்பார்கள். வடக்கே பார்க்க வைத்துவிடலாம் என்று அத்தான் மன்றாடினார்.

"சாத்திரம் தெரிஞ்ச ஒருத்தர் வடக்கு எண்டு சொல்லட்டும். நான் வாயைப் பொத்துறன்" என்றார் பொருளாளர்.

அத்தான் ஊருக்கு எழுதினார், இந்தியாவுக்கு எழுதினார். பதில் வரவில்லை. கட்டடக்காரன் திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லும்படி கேட்டான். அவனிடம் ஒரு கராத்தே மாஸ்டரும் இடம் கேட்டுக் காத்திருந்தார். திங்கள் மாலைக் கூட்டத்தில் சபை ஒத்துப்போகாவிட்டால் கட்டடம் கராத்தேக்குப் போகும், பிள்ளையார் மறுபடியும் சீட் பெல்ட்டுக்குப் போவார்.

சனிக்கிழமை அத்தான் போன் எடுத்தார்.

"மச்சான், நாளைக்கு உனக்கு லீவுதானே?"

"ஓம். படுக்கிறதுக்கு."

"படுக்கலாம், படுக்கலாம். ஆள் கிடைச்சிட்டுது! மயன்!"

"எந்த மயன்?"

"எந்த மயனோ? கோயில் கட்டுற விதியெல்லாம் சொன்ன மயன், வேறை ஆர்? அவரின்ரை பரம்பரை ஆக்கள் லண்டனுக்கு வந்திருக்கினம். ஒரு நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டு திரிஞ்சு மரபு, சடங்கு எல்லாம் காட்டுவினமாம். லைப்ரரியிலை நோட்டீஸ் ஒட்டிக் கிடக்கு. மூண்டு பேருக்கும் பதிஞ்சிட்டன்."

நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் மாயன் என்று எழுதினாலும் மயன் என்று எழுதினாலும் எழுத்து ஒன்றுதான். மாயன் என்று மத்திய அமெரிக்கப் பக்கத்தில் ஒரு சனம் இருப்பது எனக்கும் அன்றைக்குத் தெரியாது. ஆகவே அத்தானைப் பெரிதாகக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனாலும் சொன்னேன்.

காலையில் ஒரு பெரிய நூதனசாலையின் வாசலில் கூடச் சொல்லியிருந்தார்கள். அத்தான் கோட் சூட்டும் மூன்று குறி திருநீறுமாக வந்து நின்றார். அக்காவின் கையில் தட்டம், அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஸ்தபதி ஐயாவுக்குப் போர்த்த ஒரு புதுச் சால்வை. கட்டடத்தின் பிளானைச் சுருட்டி என்னிடம் தந்தார்கள். நான் சுமப்பதற்கென்றே பிறந்தவன் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு முடிவு.

வெள்ளைக்காரர் சிலர் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் குள்ளமான ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். நீளப் பின்னல், பூ வேலை செய்த சட்டை, கைத்தறிப் பாவாடை. எல்லாவற்றுக்கும் மேலே நீல நிறத்தில் ஒரு தடித்த குளிர்ச்சட்டை.

"ஐயா எங்கை?" என்று அத்தான் என் காதில் கேட்டார். குடுமி வைத்த ஒருவரைத்தான் அவர் கண் தேடியது.

அந்தப் பெண்மணி கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டார். தான் குவாத்தமாலாவின் மலைநாட்டைச் சேர்ந்தவர் என்றும், தன் சனம் மாயன் சனம் என்றும், ஆமிக்காரர் ஊரை எரித்ததால் இங்கே வந்து சேர்ந்ததாகவும் சொன்னார். அவருடைய ஆங்கிலம் எங்களுடைய ஆங்கிலம்போலவே உடைந்து உடைந்து வந்தது. எனக்கு நன்றாக விளங்கியது.

முதலில் வாயைத் திறந்தது அக்கா. "இஞ்சாருங்கோ, உவ அமெரிக்காப் பக்கத்து ஆள்."

"தெரியும்" என்றார் அத்தான்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். மயன் கடல் தாண்டிப் போனவர் எண்டு ஒரு கதை இருக்கு."

"ஆர் சொன்னது?"

"இருக்கெண்டு சொல்லுறன், பேசாமல் வா."

அந்தக் கதைக்கு அப்போது வயது அரை நிமிடம்.

உள்ளே கற்சிற்பங்களைக் காட்டிக்கொண்டு போனார் அந்த அம்மா. ஒரு கல்லில் ஒரு ராணி, முள்ளுக் கயிற்றைத் தன் நாக்கில் துளைபோட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். முன்னோரைக் காண்பதற்காக இரத்தம் கொடுக்கிறாளாம். வெள்ளைக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியே மச்சான்! அலகு குத்துறா! ஆர் இவை? எங்கடை ஆக்கள்!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தம்பி, உனக்கும் நாக்கிலை உப்பிடி ஒண்டு போட்டால் சனம் நிம்மதியாய் இருக்கும்."

நான் பதில் சொல்லியிருந்தால் அவள் சொன்னது சரியாகியிருக்கும்.

மத்தியானம் எங்களை வால்தம்ஸ்டோவில் ஒரு மண்டபத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். அங்கே சோள மாவைப் பிசைந்து, சோள இலையில் சுற்றி அவித்த ஒன்றைச் சாப்பிடத் தந்தார் அந்த அம்மா. இலைக் கொழுக்கட்டைக்குள் இனிப்புக்குப் பதிலாகக் கோழி இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. பெயர் தமால் என்றார்.

"கேட்டியே பேரை?" அத்தான் என் தொடையில் அடித்தார். "தமால்! தமிழ்!"

"உப்பிடிப் பாத்தால் டொமேட்டோவும் தமிழ்தான் அத்தான்."

சாப்பிட்டு முடிய ஒவ்வொருவருடைய பிறந்த நாளையும் கேட்டு, விரல்களில் எண்ணி, அவர்களுடைய கணக்கின்படி எந்த நாளுக்குரியவர் என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் நட்சத்திரம் மாதிரி ஒன்று. எனக்கு வந்தது நாய். அது நல்ல நாள், நீதி நியாயம் பார்க்கிறவர்களின் நாள் என்று அவர் விளக்கத் தொடங்கினார். யார் கேட்டது? அக்கா தமாலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துப் புரைக்கேறி, ஒரு வெள்ளைக்காரி அவளுடைய முதுகில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

"உது மட்டும் விஞ்ஞானம், தம்பி" என்றாள் மூச்சு வந்ததும்.

பிறகு சடங்கு. மண்டபத்தின் பின்பக்கம் சீமெந்து போட்ட ஒரு முற்றம். சீனியால் நிலத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு குறுக்குக் கோடு கீறி, கிழக்குக்குச் சிவப்பு, மேற்குக்குக் கறுப்பு, வடக்குக்கு வெள்ளை, தெற்குக்கு மஞ்சள் என்று மெழுகுதிரி அடுக்கினார். நடுவில் சாம்பிராணி மாதிரி ஒரு பிசினைக் குவித்து நெருப்பு வைத்தார். அத்தான் கோட் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்துக் கள்ளமாகப் பார்த்தார். முள் வெள்ளைக்கு நேரே நின்றது, சிவப்பும் சரியான கிழக்கில் இருந்தது.

"எப்பிடி உங்களுக்குக் கிழக்குத் தெரிஞ்சது?" என்று அவரிடம் போய்க் கேட்டார்.

"இந்த ஊர் மேகத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. காலையில் எந்த ஜன்னலால் வெயில் வரும் என்று காவற்காரனைக் கேட்டேன்" என்றார் அந்த அம்மா.

நாலு திசைக்கும் திரும்பித் திரும்பி முழங்காலில் இருக்கச் சொன்னார். செத்துப்போன உங்கள் ஆட்களோடு மெதுவாகக் கதையுங்கள் என்றார். முழங்காலில் சீமெந்து குத்தியது. எனக்குப் பக்கத்தில் அத்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் செத்தவர்களோடு கதைக்கவில்லை. "வடக்கோ கிழக்கோ, பிள்ளையாரப்பா, வடக்கோ கிழக்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து நான் விட்ட பகிடியெல்லாம் எனக்கே அப்போது ருசிக்கவில்லை. இந்த மனிதர் நாளைக்குச் சபையில் எழும்பி நிற்க வேண்டும். இவரிடம் இருந்தது அரை நிமிடக் கதை ஒன்றும் தமாலும்தான்.

நெருப்பு அடங்கியதும் நானே பிளானை விரித்தேன். "கேளுங்கோ அத்தான். வந்தது வந்தாச்சு."

அத்தான் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் விளக்கினார். யானை முகம், கிழக்கு, டயர்க் கடை, பொருளாளர். அந்த அம்மா பிளானின் மேல் குனிந்து விரலை வைத்தார்.

"வாசல் இதா?"

"ஓம்."

"சனம் இந்த வாசலால்தான் வருமா?"

"ஓம். வேறை வழியில்லை."

"அப்படியென்றால் அவரை ஏன் சுவரைப் பார்த்து நிற்கவிடுகிறீர்கள்? அவர் என்ன பிழை செய்தார்?"

அத்தான் பிளானைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் வீட்டுவேலை செய்யாமல் போன நாட்களில் சுவரைப் பார்த்து நின்றவர்கள்தானே நாங்கள் எல்லாரும். குவாத்தமாலாவிலும் வாத்திமார் அப்படித்தான் போலிருக்கிறது.

அக்கா சால்வையை எடுத்து அந்த நீலக் குளிர்ச்சட்டைக்கு மேலேயே போர்த்திவிட்டாள். வெற்றிலையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் மணந்து பார்த்தார்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேரே கூட்டத்துக்குப் போனேன். கூப்பிடாமல் நான் போன முதல் கூட்டம் அது. அத்தான் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"மயன் மரபிலை வந்த ஒரு அம்மாவை நேரிலை கண்டு, பிளானையும் காட்டிக் கேட்டனான். வாசலைப் பாக்க வைக்கச் சொன்னவ."

ஒரு சொல்லும் பொய்யில்லை.

"அம்மாவோ?" பொருளாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எவடத்து ஆள்?"

"மலைநாட்டுப் பக்கம்" என்றார் அத்தான்.

அதுவும் பொய்யில்லை. சபையில் பாதிப்பேருக்கு இலங்கை மலைநாட்டு நுவரெலியா கண்ணில் தெரிந்திருக்கும். பொருளாளர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீரும் போனனீரோ? உமக்கு மரியாதைதான் வராது, பொய்யும் வராது. நீர் சொல்லும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா நாக்கை நுனியளவு நீட்டி, விரலால் தொட்டுக் காட்டினாள்.

"போனனான்" என்றேன். "அவ ஒண்டுதான் கேட்டவ. சுவரைப் பாத்துக்கொண்டு நிக்க உங்கடை பிள்ளையார் என்ன பிழை செய்தவர் எண்டு."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். பொருளாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"சரி" என்றார். "மயன் ஆக்கள் சொன்னால் சரிதான். வடக்கு."

கராத்தே மாஸ்டருக்கு இடம் கிடைக்கவில்லை. கோயில் திறந்த நாளில் அத்தான் அந்த அம்மாவையும் கூப்பிட்டிருந்தார். அதே நீலக் குளிர்ச்சட்டை, மேலே எங்கள் சால்வை. வாசலால் வந்தவர் நேரே பிள்ளையாரைப் பார்த்து, முழங்காலில் இருந்துவிட்டார். சனம் வியப்போடு விலகி நின்றது. பொருளாளர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உவதானோ மலைநாடு?"

"ஓம்" என்றேன். "கொஞ்சம் தூரத்து மலை."

"எனக்கு அண்டைக்கே தெரியும். நுவரெலியாவிலை எங்கையடா பொம்பிளை ஸ்தபதி?"

"பேந்து ஏன் பேசாமல் விட்டனியள்?"

"ஒவ்வொரு கிழமையும் பிள்ளையாரைக் காரிலை ஏத்தி அனுப்ப எனக்கு மட்டும் ஆசையே? ஆராவது ஒருத்தர் சொல்ல வேணும். சொல்லிச்சினம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேற்று வந்து கொம்பாஸ் பிடிச்சுப் பாத்தனான். வாசல் சரியான வடக்கில்லை, தம்பி. கிழக்குப் பக்கம் கொஞ்சம் சரிஞ்சுதான் கிடக்கு. அப்ப நான் சொன்னதும் பிழையில்லை."

சொல்லிவிட்டு, தட்டில் ஒரு வடைக்கு இரண்டாக வைத்து அந்த அம்மாவிடம் அவரே கொண்டுபோனார்.