கடியப்பட்டணத்தில் எடுத்த ஷாட்

"முங்குனா உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன் மக்கா. அதுவரைக்கும் நடிப்புன்னு நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் வள்ளத்தில் ஏறினார். படத்தின் கதைப்படி, கடலில் தத்தளிக்கும் சிறுவன் கையை ஆட்ட வேண்டும், அலற வேண்டும்; அவனுக்கு டூப் அண்ணன். நிஜமாகவே ஆபத்து வந்தால் அவரும் அதைத்தானே செய்வார்? அதனால் கதையில் இல்லாத என் பெயரை அடையாளமாக வைத்துக்கொண்டோம். நான் அப்போது உதவி இயக்குநர். கடியப்பட்டணத்துப் பாறைமேல் நின்று அவரைக் கவனிப்பது என் வேலை. கடல்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. இருவரும் வயல்காட்டு ஊர்க்காரர்கள்.

அண்ணன் ரத்த உறவல்ல, ஒரே ஊர். மூன்றரை அடி உயரம். சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவாக வந்து அவர் அதட்டியபோது முன்வரிசைப் பிள்ளைகள் அழுதுவிட்டன என்று அம்மா சொல்வாள். சினிமாவோ அவருக்குக் கரடித் தோலையும் உதை வாங்கும் கோமாளி வேடங்களையும்தான் கொடுத்தது. நாற்பதைத் தாண்டிய பிறகு குழந்தை நட்சத்திரங்களுக்கு டூப். மீசையையும் கால்முடியையும் மழித்துக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி விழ வேண்டும். பஸ்ஸில் அரை டிக்கெட் நீட்டிய கண்டக்டரிடம், "ஏலே, என் மவளுக்குக் கல்யாணம் பேசியாச்சு, தெரியுமா?" என்று சண்டைக்குப் போனவர் அவர். முகம் தெரிகிற மாதிரி ஒரே ஒரு சீன் வேண்டும் என்று பார்த்த இயக்குநரிடமெல்லாம் கேட்பார். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனால் வாய் திறந்ததில்லை.

அன்று வள்ளத்திலிருந்து அண்ணன் குதித்தார். கை எழுந்தது, அமிழ்ந்தது, மறுபடி எழுந்தது. "அபாரம், ஓடட்டும், ஓடட்டும்" என்றார் இயக்குநர். கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது. பிறகு கை எழவில்லை. அண்ணாந்த தலை மட்டும் தெரிந்தது, வாய் நீர்மட்டத்தில் இருந்தது. நான் என் பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அலைச் சத்தம்தான் கேட்டது. பெயர் வரவில்லையே, நடிப்புதான் என்றது ஒரு மனம். கத்து என்றது இன்னொரு மனம். ஷாட்டைக் கெடுத்தால் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, மறைப்பானேன். வள்ளத்துக்காரர் யாரையும் கேட்கவில்லை, குதித்துவிட்டார்.

கரையில் குப்புறப் போட்டதும் அண்ணன் தண்ணீரைக் கக்கினார். "அவர் என்னைக் கூப்பிடவே இல்லையே" என்று உளறினேன். வள்ளத்துக்காரர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "ஏலே, முங்குறவன் பேரு சொல்லி விளிப்பானா? வாய் நெறைய வெள்ளமில்லா இருக்கும்!"

வள்ளத்துக்காரர் குதித்ததிலிருந்து வெட்டிவிட்டு, அந்த ஷாட்டையே படத்தில் வைத்தார்கள். நாகர்கோவில் தியேட்டரில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பின்வரிசையில் ஒரு பெண், "அந்தப் பய என்னமா நடிக்கான்!" என்றாள். தியேட்டரே கைதட்டியது.

"இத்தனை வருசம் நடிச்சேன், ஒருத்தனும் பாக்கல. நடிக்காத ஒண்ணுக்குக் கைதட்டுகானுவ" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "முங்கும்போ கரையில கைதட்டு கேட்டுது மக்கா. நீயும் தட்டினியா?"

இல்லை என்றேன்.

அண்ணன் போய்ச் சேர்ந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காட்சியை இப்போது யார் யாரோ கைபேசியில் அனுப்புகிறார்கள், என்ன நடிப்பு என்று எழுதி. என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. தட்டினேன் அண்ணே. அன்று முதலில் தட்டியதே நான்தான்.